பாசிம் என்றால் வீரன் இல்லை

என் பெயர் பாசிம். அதற்கு வீரன் என்று அர்த்தம் என நாற்பத்தாறு வயது வரை நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரன் சொன்னது. கேட்கச் சுகமாக இருந்ததால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. கல்யாணமான மறுநாளே மனைவியிடம் சொல்லியும் வைத்தேன். அன்று சாயங்காலம் சுவரில் பல்லி ஓடியபோது கட்டில்மேல் ஏறி நின்றவன் நான்தான் என்பது வேறு விஷயம்.

தொழில், பாஸ்போர்ட் அளவில் போட்டோ எடுப்பது. கடையில் ஒரு முக்காலி, வெள்ளைத் திரை, இரண்டு விளக்குகள். "நேரா பாருங்க. வாயை மூடுங்க. சிரிக்காதீங்க." இருபது வருஷமாக இதுதான் என் பேச்சு. சொல்லிச் சொல்லி என் முகமும் அப்படியே இறுகிவிட்டது.

ஒருநாள் காலை அரபு வாத்தியார் ஒருவர் விசாவுக்குப் படம் எடுக்க வந்தார். என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சார், சிரிக்காதீங்க."

"நீங்க சொல்றதுனாலதான் சிரிப்பு வருது. உங்க பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா?"

"வீரன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க. பா, சீன், மீம்னு அரபியில மூணு எழுத்து. அதுல பிறக்கிற சொல் எல்லாம் புன்னகைதான். பாசிம்னா புன்னகைக்கிறவர். அதையே ஓயாம செஞ்சா பஸ்ஸாம்."

படத்தில் அவர் பல் தெரிந்தது. திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

மதியம் சாப்பிடப் போனபோது அம்மா தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா எனக்கு இந்தப் பேரு?"

"பொறந்த மூணாம் நாளே நீ சிரிச்ச. உங்கப்பாவுக்குத் தலைகால் புரியல. யார் யாரையோ கேட்டு வச்ச பேருடா."

அம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்புறம்தான் நர்ஸ் சொன்னா, அது சிரிப்பில்லையாம், வயித்துல வாயுவாம். அதுக்குள்ள பேரைப் பதிஞ்சாச்சு."

அடுப்படியிலிருந்து என் மனைவி, "வீரரே, சாப்பிட வாங்க" என்றாள். சொல்லி முடிக்குமுன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னாலும் அடக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மகள் போனில் படம் எடுத்துவிட்டாள்.

கண் இரண்டும் மூடியிருக்க, இரட்டைத் தாடையும் விழுந்த கடைவாய்ப்பல்லின் இடமும் பளிச்சென்று தெரிய ஒரு படம். வேறு யாருடையது என்றாலும் அழித்திருப்பேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். அந்த வாரம் இரண்டு பேர் உள்ளே வந்து, பல் டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார்கள்.