குடைய மறந்தவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி

எங்க பார்லர்ல என்கூட வேலை செய்யற பஞ்சாபி பொண்ணு ஒருத்தி இருக்கா. த்ரெட்டிங் பண்றப்போ கஸ்டமர் கண்ணு கலங்கினா கூடவே அவளும் கலங்குவா. அம்மா போனதுக்கப்புறம் நான் அழவே இல்லன்றது என்னைவிட அவளுக்குத்தான் பெரிய கவலை. ஒருநாள் என் போன புடுங்கி ஒரு கேம் ஏத்திக் குடுத்தா. ஒரு மணி நேரம்தான், கடைசில நீ ஜரூர் அழுவ, மனசு ஹல்கா ஆயிடும், லேசாயிடும்னு சொன்னா. ஏதோ வயித்த சுத்தம் பண்ற மாத்திரை குடுக்கற மாதிரி.

கேம்னா ஓடணும், சுடணும், மிட்டாய ஒடைக்கணும்னுதான் நான் நெனச்சிருந்தேன். இதுல ஒண்ணுமே இல்ல. படம் அசையாம நிக்குது. கீழ ஒரு கட்டத்துல எழுத்து வருது. படிச்சிட்டு விரலால தட்டினா அடுத்த எழுத்து. எப்பயாச்சும் ரெண்டு பதில் காட்டி, எத சொல்லப் போறன்னு கேக்கும். அவ்ளோதான் கேமே. எழுத்து எல்லாம் ஹிந்தி. நான் லக்ஷ்மிபாய் நகர் தமிழ் ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும்தான் போனேன். ஹிந்தி வேகமா பேசுவேன், படிக்கறதுன்னா எழுத்துக்கூட்டித்தான். அதனால ஒரு மணி நேர கேம் எனக்கு ரெண்டு செவ்வாக்கெழம புடிச்சுது. செவ்வாக்கெழமதான் பார்லர் லீவு.

தனியா விளையாடலாம்னா எங்க வீடு ஒரே ரூம். மதராசி கேம்ப, அதான் எங்க தமிழ் ஆளுங்க குடிசைங்கள, இடிச்சப்புறம் ஆஷ்ரம்ன்ற ஏரியா பக்கம் வாடகைக்கு வந்தது. நான், அப்பா, அப்பாவோட தங்கச்சி, அதான் எங்க அத்தை. அத்தை ஒரு கிளினிக்ல கூட்டிப் பெருக்குது. அதனால எல்லா வியாதியும் தெரியும். போன பருப்பு டப்பால சாச்சு வெச்சு நான் ஆரம்பிச்ச உடனே பக்கத்துல வந்து உக்காந்துடுச்சு.

"படத்துல இருக்கற இவளுக்கு ஏண்டி கண்ணு இவ்ளோ பெருசா இருக்குது? தைராய்டா?"

இந்த மாதிரி படத்துல கண்ண அப்படித்தான் வரைவாங்க அத்தைன்னு சொன்னேன். டெஸ்ட் எடுக்கச் சொல்லுன்னுச்சு. வாய் அசையாமயே பேசறாளே, பல்லு வலியான்னு கேட்டுச்சு. நான் ஹிந்தில படிச்சு தமிழ்ல சொல்லணும், அத்தை பதில் சொல்லும், அப்புறம்தான் தட்டணும். நடுவுல குக்கர் விசில் வந்தா கேம் நிக்கணும்.

கதை சின்னதுதான். மலை ஊர்ல ஒரு லாட்ஜ். அத நடத்துற பொண்ணுதான் நாம. மழை விடாம பெய்யுது. ஒரு அம்மா குடையோட வந்து தங்கறாங்க. எங்கருந்து வராங்க, எங்க போகப் போறாங்க, ஒண்ணும் சொல்றதில்ல. தினமும் நம்மகூட உக்காந்து டீ குடிக்கறாங்க, மழையப் பத்திப் பேசறாங்க, போய்ப் படுத்துக்கறாங்க. அத்தைக்கு இது தாங்கல. எந்த ஊரு, கல்யாணம் ஆச்சா, எத்தன புள்ளைங்கன்னு கேளுடின்னு ஒரே நச்சரிப்பு. அதுக்கெல்லாம் பட்டன் இல்ல அத்தைன்னேன்.

"பட்டன் இல்லன்னா என்னடி? வாய் இருக்குதில்ல?"

நாங்க இப்படிக் கத்திட்டு இருந்தாலும் அப்பா திரும்பிக்கூடப் பாக்கல. அவரு எப்பவும் போல சுவத்தப் பாத்து படுத்திருந்தாரு.

அப்பாவப் பத்தி சொல்லணும்னா அம்மாவப் பத்தி சொல்லணும். எங்க ஆளுங்களுக்கு, வாசப்படி தாண்டிப் போறவங்கள பின்னாடி இருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா போற காரியம் நடக்காது. தப்பித் தவறி கூப்பிட்டுட்டா, அவங்க திரும்பி வந்து உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் கெளம்பணும். எங்கம்மா ஜங்புரால கோட்டின்னு சொல்ற பெரிய வீடுங்கள்ல சமையல் வேலைக்குப் போகும். தினம் எதையாச்சும் மறந்துட்டுப் போகும். ஒருநாள் கண்ணாடி, ஒருநாள் போன், ஒருநாள் ஒரு கால்ல அதோட செருப்பு, இன்னொரு கால்ல என் செருப்பு. அப்பா பின்னாடியே கூப்பிடுவாரு. அம்மா திட்டிக்கிட்டே வந்து உக்காந்து தண்ணி குடிச்சிட்டு மறுபடி போகும். எங்கம்மா தினமும் வீட்ட விட்டு ரெண்டு தடவ கெளம்புச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு மட்டும் எதையும் மறக்கல. கண்ணாடி, போன், சார்ஜர் எல்லாம் பையில இருந்துச்சு. அதனால அப்பா கூப்பிடல.

அதுல இருந்து அப்பா வேலைக்குப் போறாரு, வராரு, சாப்பிடறாரு, சுவத்தப் பாத்து படுத்துக்கறாரு. அம்மா பேச்ச யாராச்சும் எடுத்தா எழுந்து வெளிய போயிடுவாரு. எனக்கு அழுகை வரலன்றதுகூடப் பெருசா தெரியல. அவரு வாயில இருந்து ஒருவாட்டி 'உங்கம்மா'ன்னு வந்தா போதும்னு இருந்துச்சு.

ரெண்டாவது செவ்வாக்கெழம சாயந்தரம் கேம் கடைசிக்கு வந்துச்சு. அந்த அம்மா பெட்டிய எடுத்துக்கிட்டு பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாங்க. குடை ஆணியிலயே தொங்குது. கீழ ரெண்டு பதில் வந்துச்சு. 'கூப்பிடு', 'சும்மா இரு'.

கூப்பிடாதடின்னு அத்தை என் கையப் புடிச்சிடுச்சு. நல்ல காரியமா போறாளோ என்னவோ, பின்னாடி கூப்பிட்டுத் தொலைக்காதன்னுச்சு. சரின்னு 'சும்மா இரு'வ அமுத்தினேன். பஸ் போயிடுச்சு. மழையில வெறும் ரோடு. அவங்க அப்புறம் வரவே இல்லன்னு ஒரு வரி. சோகமா ஒரு மியூசிக். முடிஞ்சது.

அத்தைக்குக் கோவம். இதுக்காடி ரெண்டு வாரம் உக்காந்தேன், குடைய வேற வுட்டுட்டுப் போயிட்டாளேன்னு என்னையே திட்டுது. அந்தக் கேள்விக்கே மறுபடி போகலாம், ஆனா கூப்பிடத்தான் வேணும்னேன். கூடவே கூடாதுன்னுச்சு.

அப்போ சுவத்துப் பக்கமிருந்து சத்தம் வந்துச்சு.

"கூப்பிடு பாப்பா. உங்கம்மா எத்தன வாட்டி வந்து உக்காந்து குடிச்சிட்டுப் போயிருப்பா. தண்ணி குடுத்தா எல்லாம் சரியாயிடும்."

அத்தை மெதுவா என் கைய வுட்டுச்சு. நான் 'கூப்பிடு'ன்றத அமுத்தினேன். அந்த அம்மா திரும்பி வந்து வாசல்ல நின்னாங்க. மறுபடி ரெண்டு பதில். 'குடையக் குடு', 'ஏன் போறீங்கன்னு கேளு'. தண்ணிக்கு பட்டனே இல்ல.

தட்டிடாதன்னு அத்தை சொல்லுச்சு, தண்ணி குடுக்காம அனுப்பக் கூடாதாம். போன் இருட்டாகப் பாக்குது, நான் ஓரத்துல தொட்டுத் தொட்டு வெளிச்சத்த நிறுத்தி வெச்சிருக்கேன். அப்பா எழுந்தாரு. பானையில இருந்து அம்மா டம்ளர்ல தண்ணி மொண்டு, பருப்பு டப்பா முன்னாடி, அந்த அம்மா மூஞ்சிக்கு நேரா வெச்சாரு. மூணு பேரும் கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தோம். குடிக்கறதுக்கு டைம் குடுக்கணுமில்ல.

"ம், இப்ப குடையக் குடு"ன்னாரு.

குடுத்தேன். அந்த அம்மா குடைய விரிச்சிக்கிட்டு அதே பஸ்ஸுலதான் போனாங்க. அப்புறம் வரவே இல்லன்ற அதே வரிதான் வந்துச்சு. அத்தை ஏமாத்து கேம்னு திட்டுச்சு. அப்பா மட்டும், பரவால்ல, நனையாம போனாளேன்னாரு. அப்புறம் அந்தத் தண்ணிய எடுத்து அவரே குடிச்சாரு.

மறுநாள் காலைல நான் வேலைக்குக் கெளம்பி படியெறங்கி தெருவுக்கே வந்துட்டேன். மேல இருந்து அப்பா பாப்பான்னு கூப்பிட்டாரு. பையப் பாத்தேன். போன் இருக்குது, டப்பா இருக்குது, ரெண்டு காலும் என் செருப்புதான். என்னத்தப்பா மறந்தேன்னு கேட்டேன்.

"ஒண்ணும் மறக்கல. மேல வா. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

பார்லருக்கு லேட்டு. ஏன் லேட்டு, அழுதியா இல்லியான்னு அந்தப் பொண்ணு நூலப் பல்லுல கடிச்சிக்கிட்டே கேட்டா. டம்ளர்ல இருந்து எல்லாத்தையும் சொன்னேன். அவதான் தேம்பித் தேம்பி அழுதா. கஸ்டமருக்கு ஒரு புருவம்தான் ஆயிருந்துச்சு. இன்னொண்ண நான்தான் எடுத்து விட்டேன்.