மாப்பிள்ளை சொன்ன சர்வாதிகாரி

அப்பாவுக்கு ஒரு தலைவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஆட்சியில் இருந்தவரா, எதிர்க்கட்சியா என்பதையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள், அப்புறம் என் கதை உங்கள் சண்டையாகிவிடும். எங்கள் கூடத்தில் சாமி படங்களுக்கு நடுவில் அவர் படம் மாட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அவருக்கும் சேர்த்துத்தான் பூ. சின்னசேலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர், காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது என்னை அல்ல, அந்தப் படத்தைத்தான்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த சமயம் அது. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் காலையில் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். பஜ்ஜி, கேசரி எல்லாம் ஆகி அவர்கள் கிளம்பும்போது, சங்கராபுரம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரம். அந்த ரோட்டை விட்டால் மலைமேல்தான் ஏற வேண்டும். கடுக்காய் மூட்டையோடு மலையிலிருந்து இறங்கியவர்களே பஸ் இல்லாமல் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மாவுக்குத்தான் திண்டாட்டம். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்காக ஒரு மனுஷி எத்தனை தடவைதான் பஜ்ஜி போடுவாள்?

மாப்பிள்ளை கல்லூரியில் சரித்திரம் நடத்துபவர். பசியை மறக்கவோ என்னவோ, பேச ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தலைவரைப் பாத்தா எனக்கு ஜெர்மனிய ஆண்ட ஆளுதான் ஞாபகத்துக்கு வர்றான். வூட்டுக்கு வூடு படம், பனைமர ஒசரத்துக்கு கட்அவுட், கால்ல வுழுறது, எதுத்துப் பேசுனா துரோகின்றது. அங்கயும் இப்பிடித்தான் ஆரம்பிச்சிது."

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து, கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்தவரிடம் கத்த முடியாதே.

"தம்பி, எலெக்சன்ல தோத்தா எங்காளு பேசாம வூட்டுக்குப் போயிடுவாரு. அவன் போனானா?"

"அவனும் ஓட்டு வாங்கிக்கினுதாங்க உள்ள வந்தான். வந்தப்புறம் கதவச் சாத்திக்கினான்."

இரண்டுமே எனக்கு நியாயமாகத்தான் பட்டன. அதைவிடப் பெரிய ஆச்சரியம், எங்கள் வீட்டில் ஒருவர் அப்பாவை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தது. அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. சொல்வதற்கு என்ன, அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

அடுத்து இத்தாலிக்குப் போனார். அங்கே இருந்த சர்வாதிகாரியின் ஆட்கள், எதிர்த்துப் பேசியவர்களைப் பிடித்து வாயில் விளக்கெண்ணெய் ஊற்றுவார்களாம். சமையலறைக்குள் நான் சிரித்துவிட்டேன். அம்மாவிடம் மாதாமாதம் குடித்து வளர்ந்தவள் ஆயிற்றே!

"எவ்ளோ ஊத்துவாங்க?" என்று சமையலறை நிலைப்படியில் நின்று கேட்டேன்.

மாப்பிள்ளை சந்தோஷமாகத் திரும்பினார். "பாட்டில் பாட்டிலா. செத்தும் போயிருக்காங்க."

என் சிரிப்பு நின்றுவிட்டது. ஜெர்மனிக்காரன் குழந்தைகளைக்கூட விடாமல் லட்சக்கணக்கில் மனிதர்களைக் கொன்றதையும் அவர் சொன்னார். நன்றாகச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று மட்டும் விளங்கவே இல்லை.

"ஊர்ல அத்தினி பேரு இருந்தாங்களே, மொதல் நாளே ஏன் யாரும் வேணாம்னு சொல்லல?"

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அவர் அம்மா, "நல்லா கேட்டடி கண்ணு. எங்க ஊருலகூட..." என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரும்மா," என்றார் மாப்பிள்ளை, திரும்பிக்கூடப் பார்க்காமல். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றார்.

"கேட்டது போதும், உள்ள போ," என்றார் அப்பா.

காலையிலிருந்து எதிலும் ஒத்துப் போகாத இரண்டு பேரும் அதில் மட்டும் ஒத்துப் போனார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. அதற்கு மேல் என் அம்மா எதையும் பார்க்கவில்லை, இலை போட்டுவிட்டாள். அவர்கள் சாப்பிட்டார்கள்.

"கை நனைச்சாச்சி. அப்புறம் இன்னா, தையில வச்சிக்கலாம்," என்றார் அப்பா. மாப்பிள்ளை தலையாட்டினார். அதே இலைகளுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என்னை யாரும் கேட்கவில்லை.

மரங்களை அகற்றி ரோடு திறந்ததும் அவர்கள் கிளம்பிப் போனார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. தலைவரைத் திட்டியதைக்கூட மன்னித்துவிட்டார்.

"எனக்கு இந்த மாப்ள வேணாம்பா," என்றேன்.

"உன்ன யாரு கேட்டது? இந்த வூட்ல நான் ஒண்ணு சொன்னா சொன்னதுதான்."

அவரைக் குத்திக் காட்ட வேண்டும் என்றெல்லாம் எனக்கு எண்ணமில்லை. மனதில் ஓடிக்கொண்டிருந்த சந்தேகம் அப்படியே வாயில் வந்துவிட்டது. "ஏம்பா, அந்த ஜெர்மனிக்காரனும் இப்பிடித்தான் பேசியிருப்பானா?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அறை விழும் என்றுதான் நானும் நினைத்தேன். பெற்ற அப்பனை ஒரு கொலைகாரனோடு சேர்த்துவைத்துப் பேசுவது அநியாயம்தான். அப்பா அடிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான் அவன மாதிரியா? அவன மாதிரி இருந்தா நீ இப்பிடி எதிர்ல நின்னுக்கினு கேள்வி கேப்பியா?"

இதுவும் நியாயம்தான். மாப்பிள்ளையிடம்கூட இவ்வளவு நல்ல வாதம் ஒன்றை அவர் வைக்கவில்லை. நான் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"இப்பிடி ஒண்ணு கேக்கறதுக்கே எனக்கு இருவது வருசம் ஆச்சிப்பா."

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் சின்னசேலம் போனார். கை நனைத்தவர்களிடம் போய் வேண்டாம் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் சின்ன அவமானம் இல்லை. என்ன பேச்சு வாங்கினார் என்று கடைசி வரை சொல்லவில்லை. மத்தியானம் திரும்பி வந்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சொல்லிட்டேன்," என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார்.

"வேற இன்னா கேக்கணும்? கேளு."

எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. அழுகைதான் வந்தது.