பின்தலையால் வியாபாரம் செய்த பெண்

நாற்பது வயதில், ஒரு கணினி விளையாட்டு வெளியாகும் நாளுக்காக லீவு எடுத்த ஆள் யாழ்ப்பாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டில் முக்கியமான அலுவல் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். எனக்கு அது முக்கியமான அலுவல்தான். மலை, ஆறு, சந்தை எல்லாம் உள்ள ஒரு ராச்சியம்; குதிரையில் ஏறி நினைத்த இடமெல்லாம் திரியலாம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அதே நிறுவனத்தின் முந்தைய விளையாட்டு ஓட்டை உடைசலாக வந்து, அவர்கள் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். அந்த மன்னிப்பை உலகத்திலேயே முதலில் ஏற்றுக்கொண்டவனும் நான்தான் போலும்.

காலையில் தொடங்கினேன். அரண்மனை வாசலைத் தாண்டியதும் என் வீரன் இடுப்பளவுக்கு நிலத்தில் புதைந்தான். மீண்டும் தொடங்கினேன். இப்போது அவன் நன்றாக நின்றான். குதிரைதான் ஒரு வீட்டுக் கூரைக்கு மேலே அந்தரத்தில் நின்று காலை உதைத்துக்கொண்டிருந்தது.

பண்டத்தரிப்பு என்ற ஊரில் படிப்பிக்கும் என் மனைவி பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தாள்.

“என்னப்பா, உந்தக் குதிரை ஏன் மேலை நிக்குது?”

“அது பறக்கிற குதிரை.”

“அப்ப செட்டை எங்கை?”

“மந்திரத்திலை பறக்குது. முழுக்கதையும் தெரிஞ்சால்தான் உமக்கு விளங்கும்.”

அந்த நிறுவனம் எனக்கு மாமனோ மச்சானோ இல்லை. இருந்தும், மாப்பிள்ளையின் குடியை மறைக்கும் கலியாணத் தரகரைப்போல மூடிமூடிக் கதைத்தேன்.

சந்தைக்குப் போனபோது மூடவே முடியவில்லை. அங்கே காய்கறி விற்ற பெண்ணின் முகம் முதுகுப்பக்கம் திரும்பியிருந்தது. பின்தலையாலேயே எங்களுக்கு வணக்கம் சொல்லி, விலையும் சொன்னாள். மனைவி சிரித்த சிரிப்பில் நான் இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு பள்ளிக்கூடத்தால் வந்ததும், “எங்கடை மரக்கறிக்கார மனுசியிட்டை ஒருக்காப் போட்டு வாங்கோ” என்பாள். தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்து, அந்தப் பெண் நின்றபடியே வழுக்கி ஆற்றுக்குள் போவதைப் பார்ப்பாள்.

இதற்கிடையில், தமிழில் விளையாட்டுகளைப் பற்றிக் கதைக்கும் ஓர் இணையக் குழுவில் நீண்ட கட்டுரை எழுதினேன். பொறுமை வேண்டும், இவர்கள் நல்லவர்கள், நம்பி வாங்கலாம் என்று. நிறுவனம் எனக்குச் சம்பளம் தருகிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். கொள்கை மறவன்போல, கட்டுரையில் இன்னும் ஒரு பந்தி சேர்த்தேன்.

கடைசியில், பிழைகளைச் சரிசெய்யும் திருத்தத்தை நிறுவனம் வெளியிட்டது. அது இணையத்திலிருந்து இறங்கி முடிய ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. என் வீரனைக் காணவில்லை. அதுவரை விளையாடிச் சேமித்திருந்த எல்லாம் அழிந்துபோயிருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கிச் சந்தைக்குப் போனேன். காய்கறிக்காரியின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

“பாரும், சொன்னன்தானே! திருத்திப்போட்டாங்கள்!”

மனைவி திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள். “உவ வேறை ஆரோ,” என்றுவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விட்டாள்.

என் கட்டுரையை அழிக்கலாம் என்று குழுவைத் திறந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் கீழே எழுதியிருந்தார்: “அண்ணை, நீங்கள் சொன்னதை நம்பித்தான் வாங்கினன். என்ரை எல்லாம் அழிஞ்சிட்டுது. இப்ப என்ன செய்யிறது?”

“மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று தட்டிக்கொண்டிருந்தபோது மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“விளையாட்டை நீங்களோ செய்தனீங்கள்?”

“இல்லை.”

“பிறகேன் நீங்கள் மன்னிப்புக் கேக்கிறியள்?”

“அவங்கள் இன்னும் கேக்கேல்லையப்பா,” என்று சொல்லிவிட்டு, தட்டிய பதிலை அவருக்கு அனுப்பினேன்.