பதினொரு வேகத்தடைகள்

ஒரத்தநாட்டில் கணினி வகுப்பு நடத்தும் பகலவன், நாலு பேர் திரும்பிப் பார்க்கட்டும் என்று தன் பழைய காரின் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தி வைத்திருந்தான். வேகத்தடையில் அடி உரசுமே என்று யாராவது சொன்னால் அவனுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

மாமனார் இராஜாங்கம் மட்டும் எதுவும் சொன்னதில்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. முழங்கால் வைத்தியத்துக்கு வாராவாரம் அவன் காரில் தஞ்சாவூர் போகிற வழியில் பதினொரு வேகத்தடைகள். ஒவ்வொன்றின் முன்னாலும், “இருங்க மாப்ள, கொஞ்சம் காத்து வாங்கிக்கிறேன்” என்று இறங்கிவிடுவார். பாரம் குறைந்த வண்டி உரசாமல் கடந்துவிடும். அவர் நொண்டியபடி வந்து ஏறிக்கொள்வார். பகலவன் அதை நம்பினான். நம்புவது வசதியாக இருந்தது.

ஐப்பசி அடைமழையிலும் அவர் காற்று வாங்க இறங்கியபோதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த வாரமே புது ஸ்பிரிங் போட்டு வண்டியை உயர்த்தினான்.

“இனிமே இறங்க வேணாம் மாமா. வண்டிய உசத்திட்டேன்.”

“அப்படிங்களா மாப்ள. சரிங்க.”

முதல் வேகத்தடை வந்தது. அவர் இறங்கவில்லை. மேல் கைப்பிடியைப் பற்றி, வலிக்கிற காலை ஊன்றி, சீட்டில் பாரம் படாமல் தன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.