கடலுக்குப் போகும் நல்லதண்ணீர்

சாப்பிட்ட கோப்பையைக் கழுவியபடி மகள் நாளைய சோதனைக்குப் பாடமாக்குகிறாள்: “மலையில் தோன்றிக் கடலில் கலப்பது ஆறு.”

எண்பதுகளில் அனலைதீவில் நாங்களும் இதே வரியை வகுப்பு அதிரச் சொன்னோம். மலையையும் கண்டதில்லை, ஆற்றையும் கண்டதில்லை. எங்கள் வீட்டுக் கிணறு உவர். நான் எழுந்து கேட்டேன்.

“ரீச்சர், ஆத்துத் தண்ணி உப்போ?”

“இல்லைப் பிள்ளை, நல்லதண்ணி.”

எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்று பின்னேரம் அம்மா தூரத்து நல்லதண்ணிக் கிணற்றிலிருந்து, இடுப்பில் குடத்தோடு வெயிலில் வந்தார். தண்ணீர் தளும்பிச் சிந்தாமலிருக்க, குடத்துக்குள் ஒரு பூவரசம் இலை மிதந்தது. வாசல் படலையடிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அம்மா, வேறை ஊருகளிலை நல்லதண்ணி இரவு பகலாய் ஓடிக் கடலுக்குள்ளை போகுதாம்.”

அம்மா குடத்தை இறக்கவும் மறந்து அப்படியே நின்றார்.

“ஒருத்தரும் மறிக்கிறேல்லையோ?”

மகள் அந்த வரியைத் திரும்பவும் சொல்கிறாள். கோப்பை எப்போதோ கழுவி முடிந்துவிட்டது. தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எழுந்து போய்க் குழாயை மூடினேன்.