அண்ணாந்து குடித்த வெள்ளை ஒயின்

ஒயின் பரிமாற ஒரு கேப்டன் தேவை என்று எங்கள் ஹோட்டல் மேனேஜர் சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை நான் காலை டிபன் மேஜைகளுக்கு ஓடிக்கொண்டிருந்தவள். பாபநாசத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூர் வந்து, சட்னி தண்ணியாக இருக்கிறது என்று யாரோ கத்துவதைக் கைகட்டிக் கேட்பது அலுத்துவிட்டது. நானா அரைத்தேன் சட்னியை? சென்னையிலிருந்து ஒரு அம்மா சனிக்கிழமை வந்து சோதித்துப் பார்ப்பார், தேறினால் கேப்டன், இல்லையென்றால் பழையபடி டிபன்தான் என்றார் மேனேஜர். விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

சிக்கல் என்னவென்றால், நான் ஒயினைப் பார்த்திருக்கிறேனே தவிர ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை.

மேனேஜர் நல்ல மனிதர். விருந்தில் மீந்த வெள்ளை ஒயின் ஒரு பாட்டிலைக் கொடுத்து, "வீட்ல வச்சுப் பழகிக்கம்மா. முதல்ல வாசனையைப் பிடி. பச்சை ஆப்பிள் வரும், எலுமிச்சை வரும், அறுத்த புல்லு வரும்" என்றார்.

ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்தேன். என் கணவர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். அறுப்பு இல்லாததால் அன்று வீட்டில் இருந்தார். என்னைவிட அவருக்குத்தான் அவசரம். எவர்சில்வர் டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கிற பழக்கம் கிடையாது. எச்சில் படக்கூடாது. தண்ணீரோ மோரோ, அண்ணாந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வோம். ஒயினையும் அப்படியே ஊற்றிக்கொண்டோம். ஜில்லென்று தொண்டையில் இறங்கியது. அவ்வளவுதான்.

"ஆப்பிள் வந்துச்சா?" என்றார்.

"இல்லைங்க. உங்களுக்கு?"

"பக்கத்துலகூட வரல. இன்னும் கொஞ்சம் ஊத்து, தேடிப் பாப்போம்."

தேடினோம். பாட்டில் பாதியாகியும் ஆப்பிள் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அவர் கொல்லைப்பக்கம் போய், "புல்லு வாசனை எப்படி இருக்கும், நீயாவது சொல்லு" என்று பசுமாட்டிடம் விசாரித்தார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்து ஓய்ந்ததும் கோபம் வந்தது. எல்லாம் கப்சா, பணக்காரர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு கதை விடுகிறார்கள் என்று திட்டினேன். உண்மையில் எனக்குப் பயம். இந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

சனிக்கிழமை வந்த அம்மா கதர்ப் புடவையும் கிராப்புமாக இருந்தார். மேனேஜர் பக்கத்தில் நிற்க, சமையல்கட்டு வாசலில் மாஸ்டர்கள் கூடிவிட்டார்கள். அந்த அம்மா நீளக்கால் கிளாஸில் ஒயின் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டி, "குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பதற்றத்தில் கை தன் பழக்கத்தைத்தான் செய்யும். தூக்கினேன், அண்ணாந்தேன், ஊற்றினேன். டம்ளருக்கு விளிம்பு வெளியே மடங்கியிருக்கும், ஊற்றினால் நேராக இறங்கும். அந்தக் கிளாஸின் வாயோ உள்பக்கம் வளைந்திருந்தது. ஒயின் மூக்கில் விழுந்து, கழுத்தில் வழிந்து, வெள்ளைச் சட்டையின் காலரை நனைத்தது. மாஸ்டர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

குனிந்ததும் சட்டையிலிருந்து ஏதோ எழும்பி வந்தது.

"மேடம், வருது" என்றேன்.

"என்ன வருது?"

"எலுமிச்சை. காயா இருக்கற ஆப்பிள். ஐயோ, புல்லும் வருது மேடம்." காலரை இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்தேன். வெட்கமெல்லாம் போய்விட்டது.

அந்த அம்மா எழுந்து வந்து என் காலர் பக்கம் குனிந்தார். "ஆமா, வருது" என்றார். "கிளாஸுக்குள்ள மூக்கு போனாத்தானே வாசனை தெரியும்? ஏன் வாய் வச்சுக் குடிக்கல?"

"எச்சில் பட்டுட்டா அடுத்தவங்க எப்படிக் குடிப்பாங்க, மேடம்?"

"அது உங்க கிளாஸ். வேற யாரும் குடிக்கப் போறதில்ல."

எனக்கு மட்டும் என்று ஒரு கிளாஸ். இப்படி ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மறுபடி ஊற்றினார். "ரொம்ப ஜில்லுன்னு இருந்தா வாசனை வெளிய வராது" என்று உள்ளங்கையில் பொத்திப் பிடிக்கச் சொன்னார். மூக்கை உள்ளே விட்டு, உதட்டை வைத்து உறிஞ்சினேன். இனிப்பே இல்லை, நல்ல புளிப்பு, வஞ்சிரம் வறுவலுக்குச் சரியாக இருக்கும் என்றேன். அடுத்தது தித்தித்தது. காரமான எறா தொக்குக்கு இதுதான் என்றேன். மூன்றாவதில் பழைய மர பீரோவைத் திறந்த வாசனை அடிக்கிறது, கெட்டுப்போயிருக்கும் என்றேன். மரப் பீப்பாயில் வைத்திருந்த ஒயினாம் அது. அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மேனேஜர் தயங்கித் தயங்கி, "தேறுமா மேடம்?" என்றார்.

அந்த அம்மா நேராக ஜன்னலோர மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். கைதுடைக்கும் துணியை மடியில் விரித்துக்கொண்டு, "எனக்குப் பசிக்குது. இன்னிக்கு என்ன மீன், எந்த ஒயின்னு கேப்டனை வந்து சொல்லச் சொல்லுங்க" என்றார்.