கோமதியை விசாரிக்க வந்தவர்

போன வாரம் வாங்கிய அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. இந்த வாரப் பத்தியில் எழுதினால் இறங்குமா... பார்ப்போம்.

தென்காசியில் என் கடைக்கு அடுத்த கடை சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை. ஒரே மகள் கோமதி. பி.ஏ., பி.டி. முடித்துவிட்டு இலத்தூரில் டீச்சர். வயது இருபத்தைந்தைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன்? அண்ணாச்சி ஓர் இடத்துக்காகக் காத்திருந்தார்.

அந்த இடம் ஒரு மெட்ராஸ் புரொபசர். கோமதி நாலாவது பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்த காலத்திலிருந்தே, சாரல் விழுந்தால் குற்றாலம் வருவார். அருவியில் குளித்த தலை காய்வதற்குள் அண்ணாச்சி வீட்டு வாசலில் நிற்பார். பெண் மேலே படிக்கிறாளா? உடம்பு சௌகரியம் எப்படி? கோபம் வருமா?

இப்படியெல்லாம் வேறு யார் கேட்பார்கள், நீங்களே சொல்லுங்கள்!

"புளி வாங்க வந்தவனே ஒரு சுளையை வாயில போட்டுப் பாக்கான். மருமவளை எடுக்கவங்க பாக்காண்டாமா தம்பி? படிப்பை நிறுத்துனா கை நழுவிரும்லா?" என்பார் அண்ணாச்சி. அந்தப் பயத்திலேயே மகளைக் காலேஜில் சேர்த்தார். சொந்தத் தங்கை மகனுக்குப் பெண் இல்லையென்று சொன்னதில், தங்கையோடு பேச்சுவார்த்தையும் அறுந்தது.

மாப்பிள்ளை யாரென்று கேட்டிருக்கலாமே? கேட்க மாட்டோம். விசாரிக்க வந்தவரைப் பெண் வீட்டார் துருவுவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. காபி கொடுத்து, அவராக வாய் திறக்கும்வரை இருக்க வேண்டும்.

இந்த வருஷம் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "உனக்குத்தான் வாய் இருக்கே, நீ கேளு" என்று, புரொபசர் வந்த அன்று என்னை வீட்டுக்கு இழுத்துப்போனார்.

கேட்டேன். "சார், மாப்பிள்ளைத் தம்பிக்கு எப்பம் லீவு? ஆவணியில வச்சுக்கிடுவோமா?"

"எந்த மாப்பிள்ளை?"

"உங்க மகன்தான்!"

"எனக்குக் கல்யாணமே ஆகவில்லையே!"

மாப்பிள்ளை இவரேதானோ... நான் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆராய்ச்சியாம்! ஒரே வகுப்புப் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்து, வளர்ந்து என்ன ஆகிறார்கள் என்று கவனிக்கிறாராம். கோமதி அதில் ஒருத்தி.

அண்ணாச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இதுக்கா எம் பிள்ளையை வீட்டுல வச்சிருந்தேன்? ஏட்டி கோமதி, இங்கன வா! இவரு பொண்ணு கேக்க வரலையாம்டி!"

"தெரியும்ப்பா."

"எப்பம் தெரியும்?"

"மொத வருசமே. பள்ளிக்கூடத்துல வச்சே எங்கட்ட சொல்லிட்டாரு."

நான் விழவில்லை. சுவர் இருந்தது.

"சொல்லியிருந்தா அடுத்த தையிலயே என்னை அத்தை மவனுக்குக் கட்டி வச்சிருப்பீங்க. அவருக்குப் புஸ்தகத்தைக் கண்டாலும் ஆகாது, என்னைக் கண்டாலும் ஆகாது. கல்யாணம் வேண்டாம்னு நான் சொல்லலியேப்பா... இனி மாப்பிள்ளையை நானே விசாரிச்சுக்கிடுதேன்."

அண்ணாச்சி கையை ஓங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மனுஷர் காபி டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சாருக்குக் காபி ஆறிட்டு. வேற கொண்டா" என்றார்.

எங்களைவிட அரண்டு போனவர் புரொபசர்தான். "நான் ஓரமாக நின்று பார்க்க வேண்டியவன், அம்மா. நான் கேட்டதாலேதான் நீ படித்தாய் என்றால், உன்னை எப்படி ஆராய்ச்சியில் சேர்ப்பது?"

"சேக்காண்டாம் சார். எங்க ஸ்கூல்ல ஒம்பதாங்கிளாஸ் பொம்பளப் பிள்ளைக இருக்காங்க. அவங்க வீட்டுக்குப் போங்க. அப்பாமாரு இருக்கும்போது போங்க. விளக்கமெல்லாம் சொல்லாண்டாம்... பிள்ளை மேல படிக்காளான்னு சும்மா கேட்டுட்டு வாங்க."

புரொபசர் மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆகவே, இலத்தூர்ப் பக்கம் பெண்ணைப் பெற்ற வாசகர்களே—கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் உங்கள் மகளின் படிப்பை விசாரித்து வந்தால், நல்ல காபியாகக் கொடுங்கள். எதற்கு வந்தார் என்று மட்டும் துருவாதீர்கள்; இந்த வாரம் நான் எதையுமே எழுதவில்லை!